மீயொலி: சொல் விளக்கம்

கொங்கு நாட்டில் மருமகளை முதல் பரிசோதனைக்கு அழைத்து வரும் மாமியார்கள் மருத்துவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஸ்கேன் எடுத்தா வயித்துல இருக்கற கொழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?" இதை அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயமன்று. எக்ஸ் கதிரால் இயங்கும் சி.டி., காந்தப்புலத்தால் இயங்கும் எம்.ஆர்.ஐ., ஒலியால் மட்டுமே இயங்கும் அல்ட்ராசவுண்ட் ஆகிய மூன்றையும் 'ஸ்கேன்' என்றே சொல்லிப் பழகிவிட்டதால், கதிருக்கு உரிய அச்சம் ஒலியின் மீதும் படிந்துவிட்டது.

அல்ட்ரா என்பது 'அப்பால்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல். மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியையே கேட்கும்; அதற்கு அப்பாற்பட்டது அல்ட்ராசவுண்ட். இதைக் 'கேளா ஒலி' என்று எழுதுவோர் உண்டு. ஆனால் 20 அதிர்வுகளுக்குக் கீழுள்ள ஒலியும் செவிக்கு எட்டாது என்பதால் அச்சொல் போதாது. இலங்கைப் பாடநூல்களின் 'கழியொலி' நல்ல ஆக்கமே. எனினும் நம் பாடநூல்களில் வேரூன்றிய 'மீயொலி'யே எனக்கு உவப்பானது. 'மீ' என்றால் மேல். கோவையை அடுத்த பேரூரைப் பாடும் சுந்தரர் அவ்வூர் 'மீகொங்கில்' உள்ளது என்கிறார். மேலைக் கொங்கு என்பது அதன் பொருள். ஆதலால் இந்த முன்னொட்டு நம் மண்ணுக்குப் புதியதன்று.

மருத்துவ மீயொலி பெரும்பாலும் நொடிக்கு 20 இலட்சம் முதல் 1.5 கோடி வரை அதிர்வது. மின்னழுத்தம் கொடுத்தால் அதிரும் படிகப் பொருள் அதை எழுப்புகிறது. உடலுக்குள் சென்று உறுப்புகளின் எல்லைகளில் பட்டுத் திரும்பும் எதிரொலி படமாகிறது. இடையில் காற்று இருந்தால் அந்த ஒலியைத் திருப்பியடித்துவிடும் என்பதால்தான் தோலில் பசை (ஜெல்) தடவுகிறார்கள். இம்முறையை மகப்பேற்று மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் கிளாஸ்கோவின் இயன் டொனால்ட். அவர் குழுவின் கட்டுரை 1958இல் வெளிவந்தது.

எக்ஸ் கதிரைப் போல அணுக்களை அயனியாக்கும் ஆற்றல் மீயொலிக்கு இல்லை. பல பத்தாண்டுகளாக நோயறியும் அளவில் பயன்படுத்தியதில் கருவுக்குத் தீங்கு நேர்வதாக உறுதிப்படவில்லை. கருப்பைக்கு வெளியே தங்கிய கரு, இரட்டைக் குழந்தை, நச்சுக்கொடி கீழிறங்கியிருத்தல் ஆகியவற்றை உரிய காலத்தில் காட்டித் தாயின் உயிரைக் காப்பது இதுவே. பித்தப்பைக் கல்லுக்கும் முதலில் எடுப்பது இதைத்தான். ஆயினும் ஒலி திசுவைச் சற்றே சூடாக்கும். குறிப்பாக, இரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளர் முறையின் ஒரு வகையில் ஆற்றல் ஓரிடத்தில் குவிவதால், முதல் மூன்று மாதங்களில் தேவையின்றி அதைக் கையாள்வதில்லை. குழந்தையின் முகத்தைப் பார்த்து மகிழ்வதற்கென்றே நெடுநேரம் படம் எடுப்பதும் தவிர்க்கத்தக்கது.

பெருந்தீங்கு வேறொரு வழியில் வந்தது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது நம் சேலத்தில்தான். பிறந்தபின் நிகழ்ந்த அக்கொடுமை, கருவிலேயே பாலினம் அறிந்து கலைக்கும் கொடுமையாகவும் மாறியபோது இக்கருவி அதற்குத் துணைபோனது. 1994ஆம் ஆண்டுச் சட்டம் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைக் குற்றமாக்கியது. ஸ்கேன் மையங்களின் சுவரில் உள்ள எச்சரிக்கைப் பலகை அந்தச் சட்டத்தால் வந்ததே அன்றி, ஒலிக்கு அஞ்சி வைத்ததன்று.