நிறுவுதல்: ‘இன்ஸ்டால்’ என்பதன் பொருளும் வேரும்

“சிஸ்டத்துக்குப் புது ஓஎஸ் போடணும்.” இந்த ஒரு பேச்சுக்குள் நான்கு வேறு வேலைகள் இருக்கலாம். காலி வட்டில் புதிதாக நிறுவுவது, இருக்கிற பதிப்பின் மேலேயே அடுத்த பதிப்பை ஏற்றுவது, பழுதான அதே பதிப்பைத் திரும்ப நிறுவுவது, மாதாமாதம் வரும் திருத்தங்களை மட்டும் வாங்கிக்கொள்வது. ‘போடு’ என்ற வினை நான்கையும் சுமக்கும். ஆனால் முதலாவதில் வட்டே துடைக்கப்படலாம், கடைசியில் உங்கள் கோப்பு ஒன்றுகூட இடம் மாறாது. கணினியைக் கொடுப்பவர் ஒன்றை நினைத்துச் சொல்ல, வாங்கிக்கொண்டவர் ‘ஃபார்மட் அடிச்சு’ முடித்துவிடுவதில் இந்தச் சொல்லுக்கும் பங்கு உண்டு.

நிறுவு (வினை): ஒரு மென்பொருளை, இங்கே இயங்குதளத்தை (ஓஎஸ்), கணினி தானே கண்டுபிடித்து இயக்கும்படி அதன் வட்டில் அமைத்தல். தொழிற்பெயர்: நிறுவல், நிறுவுதல். அந்த வேலையைச் செய்யும் நிரல்: நிறுவி. எதிர்வினை: நிறுவல் நீக்கு.

இன்ஸ்டால் என்ற ஆங்கிலச் சொல் இடைக்கால லத்தீனிலிருந்து வந்தது. தேவாலயத்தில் பதவிக்கு உரிய இருக்கைக்கு ஸ்டால் என்று பெயர். பதவியேற்பவரைச் சடங்கோடு அந்த இருக்கையில் அமர்த்துவதுதான் இன்ஸ்டால். மனிதர்களுக்கு மட்டும் இருந்த சொல், பிற்காலத்தில் இயந்திரங்களையும் கருவிகளையும் பொருத்துவதற்கு ஆகி, அங்கிருந்து மென்பொருளுக்கு வந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால் ‘இருத்து’ அல்லது ‘அமர்த்து’ என்பதே நேர்த் தமிழாகியிருக்க வேண்டும். நாமோ நிற்கவைத்துவிட்டோம்.

தவறில்லை. ஸ்டால் என்பதன் ஜெர்மானிய வேரைத் தோண்டினால் ‘நிற்கும் இடம்’ என்ற பொருள்தான் கிடைக்கிறது. லாயத்தில் ஒரு குதிரை நிற்கும் தடுப்புக்கு இன்றும் ஆங்கிலத்தில் அதே பெயர்.

தமிழில் நில் தன்வினை, நிறு அதன் பிறவினை, அதிலிருந்து நிறுவு. தூணை நிறுவுகிறோம், சிலையை நிறுவுகிறோம். நிறுவனம், நிறுவனர் இரண்டும் இந்தக் குடும்பம். கணக்குப் பாடத்தில் ‘என நிறுவுக’ என்று கேட்டால் மெய்ப்பித்துக் காட்ட வேண்டும். எல்லாவற்றிலும் ஓடும் பொருள் ஒன்றே: கை எடுத்த பிறகும் தானே நிற்கும்படி செய்வது. இயங்குதளத்துக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை கிடையாது. பென் டிரைவைக் கழற்றிவிட்டுப் பொத்தானை அழுத்தினால் கணினி எழுந்து நிற்கிறதா? நின்றால் நிறுவியாயிற்று. நிற்காவிட்டால், வெறுமனே நகலெடுத்திருக்கிறீர்கள்.

நகலெடுப்பதற்கும் நிறுவுவதற்கும் நடுவில் என்னதான் இருக்கிறது? மின்சாரம் வந்ததும் தாய்ப்பலகையிலுள்ள யூஇஎஃப்ஐ என்ற நிலைபொருள் (ஃபர்ம்வேர், பலகையிலேயே பதிந்திருக்கும் நிரல்) முதலில் விழிக்கிறது. அதற்கு விண்டோஸும் தெரியாது, லினக்ஸும் தெரியாது. தன் நினைவகத்தில் குறித்து வைத்திருக்கும் தொடக்கப் பட்டியலைப் பார்க்கும். அதிலுள்ள குறிப்பு, வட்டில் தொடக்கத்துக்கென்றே ஒதுக்கிய இஎஃப்ஐ பிரிவில் (பார்ட்டிஷன்) உள்ள ஒரு சிறு நிரலைக் காட்டும். அந்த நிரல் இயங்குதளத்தின் கருவை (கெர்னல்) எழுப்பும். ஆகவே நிறுவிக்கு வேலை மூன்று: வட்டைப் பிரித்து வடிவூட்ட (ஃபார்மட் செய்ய) வேண்டும், கோப்புகளை விரித்து வைக்க வேண்டும், இஎஃப்ஐ பிரிவில் தொடக்க நிரலை வைத்து, நிலைபொருளின் பட்டியலில் பெயரைப் பதிய வேண்டும். மூன்றாவது நடக்காவிட்டால் முதல் இரண்டும் வீண். பழைய வட்டிலுள்ள விண்டோஸ் கோப்புறையை அப்படியே புது வட்டுக்கு இழுத்துப் போட்டவர்களுக்குக் கணினி எழாமல் போவது இதனால்தான்.

காலியான வட்டில் விண்டோஸ் நிறுவியை ஓட்டினால் வழக்கமாக 100 எம்பி அளவில் இஎஃப்ஐ பிரிவு, 16 எம்பி ஒதுக்கீட்டுப் பிரிவு, பெரிய முதன்மைப் பிரிவு, மீட்புப் பிரிவு ஆகியவை உருவாகும். அந்த 100 எம்பியைப் பார்த்துவிட்டு ‘இது எதுக்கு’ என்று அழிப்பவர்கள் உண்டு. அளவில் சிறிய பிரிவுதான். நிற்பதற்குக் கால் அதுதான்.

இதில் இன்னொரு வில்லங்கம். கணினியில் இரண்டு வட்டுகள் இருந்து, பழையதில் ஏற்கெனவே இஎஃப்ஐ பிரிவு இருந்தால், புது வட்டில் நிறுவச் சொன்னாலும் விண்டோஸ் நிறுவி தொடக்க நிரலைப் பழைய வட்டிலேயே கொண்டுபோய் வைத்துவிடலாம். எல்லாம் சரியாக ஓடும். சில மாதம் கழித்துப் பழைய வட்டைக் கழற்றும் நாளில், புது வட்டு முழுசாக இருந்தும் கணினி எழாது. நிறுவும்போது மற்ற வட்டின் கேபிளைக் கழற்றிவைப்பது ஐந்து நிமிட வேலை, பிற்பாடு சரிசெய்வது அரை நாள் வேலை.

அடுத்து, இன்ஸ்டாலோடு ஒட்டிக்கொண்டு வரும் இரட்டைச் சொற்கள்: அப்டேட், அப்கிரேட். இரண்டையுமே ‘மேம்படுத்து’ என்று எழுதுவோர் உண்டு. அது கூடாது என்பது எங்கள் கருத்து.

அப்டேட்டில் இருப்பது தேதி. இன்றைய நாள்வரைக்கும் கொண்டுவந்து சேர்ப்பது. இதற்கு ‘இற்றை’ என்ற சொல்லை எடுத்து இற்றைப்படுத்து என்றார்கள். இற்றை புதிதாகக் காய்ச்சிய சொல் அன்று. ‘அற்றைத் திங்கள்’ என்று தொடங்கும் புறநானூற்று 112ஆம் பாடலில் அதற்கு இணையாக ‘இற்றைத் திங்கள்’ வருகிறது. அற்றை அன்று, இற்றை இன்று. ‘புதுப்பி’யும் வழக்கில் உண்டு, காதுக்கும் பழக்கம். ஆனால் கட்டணம் கட்டி உரிமத்தைப் புதுப்பிப்பதற்கும் அதே சொல் வருவதால், இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் இடிக்கும்.

அப்கிரேடில் இருப்பது கிரேட். அதன் லத்தீன் மூலத்துக்குப் படி என்று பொருள். ஆங்கிலத்தில் அப்கிரேட் முன்பு மேட்டுச் சரிவையே குறித்தது. ஆக ‘தரமுயர்த்து’ பொருந்தும். ‘படியேற்று’ இன்னும் நெருக்கமாகப் பொருந்தும், ஆனால் வழக்கில் ஊன்றவில்லை. ஒரே படியில் நின்று தூசு தட்டுவது இற்றைப்படுத்தல், அடுத்த படிக்குப் போவது தரமுயர்த்தல்.

லினக்ஸ் பயன்படுத்துவோர் இங்கே கவனிக்க வேண்டும். உபுண்டு, டெபியன் ஆகிய லினக்ஸ் வகைகளில் ‘ஏபிடி அப்டேட்’ கட்டளை எதையும் புதுப்பிக்காது. மென்பொருள் கிடங்கில் என்னென்ன பதிப்புகள் உள்ளன என்ற பட்டியலை மட்டும் வாங்கிவரும். ‘ஏபிடி அப்கிரேட்’ கொடுத்தால்தான் தொகுப்புகள் மாறும். அதுவும் அதே வெளியீட்டுக்குள்தான். அதாவது அங்கே அப்கிரேட் என்று எழுதியிருப்பது, மேலே சொன்ன கணக்கில் வெறும் இற்றைப்படுத்தல். உபுண்டு 22.04இலிருந்து 24.04க்குப் படியேற ‘டூ-ரிலீஸ்-அப்கிரேட்’ என்ற தனிக் கட்டளை இருக்கிறது. நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் இரண்டு ஆண்டுக்கு ஒன்று, ஏப்ரலில் வரும். ஒன்றிலிருந்து அடுத்ததற்கான அழைப்பு, புதியதன் முதல் திருத்த வெளியீடு வந்த பிறகுதான் தோன்றும். 20.04 வைத்திருப்பவர் நேரே 24.04க்குத் தாவ முடியாது, 22.04 என்ற படியில் கால் வைத்தே போக வேண்டும். தாவித்தான் ஆக வேண்டும் என்றால் அது தரமுயர்த்தல் அல்ல, புதிதாக நிறுவல்.

விண்டோஸில் குழப்பம் வேறு மாதிரி. பென் டிரைவிலிருந்து எழுந்து வரும் நிறுவி, ‘அப்கிரேட்’, ‘கஸ்டம்’ என்று இரண்டு வாசல் காட்டும் திரை பலருக்கும் பழக்கமானது. கோப்புகள் போய்விடக் கூடாது என்று முதலாவதைத் தொட்டால், கணினி நிறுவல் ஊடகத்திலிருந்து எழுந்திருக்கிறது, அதைக் கழற்றிவிட்டு வழக்கம்போல் விண்டோஸுக்குள் போய் அங்கிருந்து தொடங்கு என்று சொல்லி நின்றுவிடும். காரணம் எளிது: தரமுயர்த்தல் என்பது ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளத்தின் அமைப்புகளையும் செயலிகளையும் கேட்டு வாங்கிச் செய்யும் வேலை. வெளியிலிருந்து வரும் நிறுவிக்கு அவை எட்டாது. எனவே கோப்பும் செயலியும் தங்க வேண்டுமானால், விண்டோஸ் ஓடும்போதே ஐஎஸ்ஓ கோப்பை, அதாவது நிறுவல் வட்டு முழுவதையும் அடக்கிய ஒற்றைக் கோப்பை, திறந்து அதிலுள்ள ‘செட்டப்’ நிரலை இயக்க வேண்டும். அப்போதும் ஐஎஸ்ஓவின் மொழி, நிறுவியிருக்கும் விண்டோஸின் மொழியோடு ஒத்துப்போக வேண்டும். அமெரிக்க ஆங்கிலத்தின் மேல் பன்னாட்டு ஆங்கிலத்தை ஏற்றப் பார்த்தால், ‘செயலிகளை வைத்துக்கொள்’ என்ற தேர்வு மங்கிப்போய்த் தொட முடியாமல் இருக்கும். இரண்டும் ஆங்கிலம்தானே என்ற வாதம் அங்கே எடுபடாது.

கஸ்டம் வாசல் வழியே போனால் பிரிவுகளின் பட்டியல் வரும். இங்கேதான் விரல் நடுங்க வேண்டும். பழைய விண்டோஸ் இருந்த பிரிவைத் தேர்ந்து, வடிவூட்டாமல் ‘அடுத்து’ அழுத்தினால், பழையது விண்டோஸ்.ஓல்ட் என்ற கோப்புறைக்குள் ஒதுக்கி வைக்கப்படும். ஆவணங்களை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், செயலிகள் ஓடாது. அதே பிரிவில் ‘ஃபார்மட்’ அல்லது ‘டிலீட்’ அழுத்தினால் அந்தக் கோப்புறையும் கிடையாது. தரமுயர்த்திய பிறகு பிடிக்காமல் பழைய பதிப்புக்குத் திரும்ப நினைப்பவருக்கும் விண்டோஸ்.ஓல்ட் வேண்டும், இயல்பான அவகாசம் 10 நாள். இடம் போதவில்லை என்று மறுநாளே அதை அழித்துவிட்டால் திரும்பும் வழி அடைபட்டுவிடும்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்ததால், படியேறும் பேச்சு இப்போது அதிகம். விண்டோஸ் 11 கேட்பவை: 4 ஜிபி ரேம், 64 ஜிபி வட்டு, யூஇஎஃப்ஐயும் பாதுகாப்பான தொடக்க (செக்யூர் பூட்) வசதியும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறு, ஆதரிக்கப்படும் பட்டியலிலுள்ள செயலி சில்லு (பிராசசர்). டிபிஎம் இல்லை என்று காட்டும் பல கணினிகளில் அது அணைந்து கிடக்கும், அவ்வளவுதான். நிலைபொருள் அமைப்பில் இன்டெல்லுக்கு பிடிடி, ஏஎம்டிக்கு எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடினால் கிடைக்கும். ஆனால் அதைத் தொடுமுன் வட்டை மறையாக்கிக் காக்கும் பிட்லாக்கர் பூட்டை இடைநிறுத்துங்கள், 48 இலக்க மீட்புத் திறவுகோலை வேறொரு இடத்தில் எழுதி வையுங்கள். நிலைபொருளில் இந்த மாற்றங்களைச் செய்தால், வட்டை யாரோ திருடிக்கொண்டு போய்விட்டதாக எண்ணி பிட்லாக்கர் திறவுகோல் கேட்கும். சொல்லாமல் திறக்காது.

பழைய முறையில், அதாவது எம்பிஆர் என்ற பழைய பிரிவு அட்டவணை கொண்ட வட்டில், நிறுவியிருந்தால் யூஇஎஃப்ஐக்கு மாற்றியதும் கணினி எழாது. முதலில் விண்டோஸோடு வரும் ‘எம்பிஆர்டூஜிபிடி’ கருவியைச் சோதனை முறையில் ஓட்டிப் பார்த்து, தேறினால் வட்டை ஜிபிடி என்ற புது அட்டவணைக்கு மாற்றி, அதன்பிறகே நிலைபொருளில் முறையை மாற்ற வேண்டும். வரிசை தலைகீழானால் கறுப்புத் திரைதான். வட்டில் முதன்மைப் பிரிவுகள் மூன்றுக்கு மேல் இருந்தால் சோதனையிலேயே தோற்கும்; காரணம், புதிய இஎஃப்ஐ பிரிவுக்கு இடம் வேண்டும்.

நிறுவி என்ற சொல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. அது பெயர்ச்சொல்லாகவும் வரும், வினையெச்சமாகவும் வரும். ‘நிறுவியை நிறுவி முடித்ததும்’ என்று எழுதினால் வாசிப்பவர் ஒருமுறை தடுக்குவார். ‘நிறுவு நிரல்’ என்று எழுதினால் தீர்ந்தது. பொத்தானில் எழுதுவதற்கு ‘நிறுவு’ என்ற ஏவலே போதும். ‘நிறுவுக’ என்றால் கணக்குப் புத்தகம் நினைவுக்கு வந்துவிடுகிறது.

அந்த நிரல் இருக்கும் பென் டிரைவ் 8 ஜிபி போதும். ஐஎஸ்ஓ கோப்பை அதில் இழுத்துப் போடுவது பயன் தராது, அதை எழுதுவதற்கான கருவியால் எழுத வேண்டும். யூஇஎஃப்ஐ உறுதியாகப் படிப்பது ஃபேட்32 வடிவம். அந்த வடிவத்தில் 4 ஜிபியைத் தாண்டிய ஒற்றைக் கோப்பு நிற்காது. விண்டோஸ் ஐஎஸ்ஓவிலுள்ள பெரிய ‘இன்ஸ்டால்.விம்’ கோப்பு பல சமயம் அந்த எல்லையைக் கடந்துவிடும். கையால் நகலெடுப்பவர் பாதியில் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

எல்லாம் சரியாகச் செய்தும் பிரிவுத் திரையில் வட்டே இல்லை என்று வந்தால் வட்டு போய்விட்டது என்று பதற வேண்டாம். 11ஆம் தலைமுறை முதலான இன்டெல் மடிக்கணினிகள் பலவற்றில் விஎம்டி என்ற அடுக்குக்குப் பின்னால் வட்டு இருக்கும். நிறுவு நிரலிடம் அதற்கான இயக்கி (டிரைவர்) இருக்காது. தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அந்த இயக்கியை இறக்கி, விரித்து, பென் டிரைவில் ஒரு கோப்புறையில் வைத்து, அதே திரையிலுள்ள ‘லோட் டிரைவர்’ வழியாகக் காட்டினால் வட்டு தெரியும். விரிக்காத ஈஎக்ஸ்இ கோப்பாக வைத்தால் அது கண்ணில் படாது.

மற்ற சொற்கள் சுருக்கமாக. ரீஇன்ஸ்டாலுக்கு மறுநிறுவல். கிளீன் இன்ஸ்டாலைத் தூய நிறுவல் என்பது சொல்லுக்குச் சொல் வைத்த ஒட்டு. ‘புதுநிறுவல்’ தமிழாக இருக்கிறது. ஓஎஸ்ஸுக்குத் தமிழ்நாட்டில் இயங்குதளம், இயக்க முறைமை இரண்டும் ஓடுகின்றன. இலங்கைப் பாடநூல்களில் பணிசெயல் முறைமை. ஃபார்மட்டை ‘வடிவமைப்பு’ என்றால் டிசைனோடு குழம்பும், வடிவூட்டல் தேவலை. பூட் என்பது காலணி. தன் காலணியின் வாரைத் தானே பிடித்துத் தூக்கித் தன்னை உயர்த்திக்கொள்ளும் பூட்ஸ்ட்ராப் என்ற உருவகத்தின் சுருக்கம். கணினி எதுவும் இல்லாத நிலையிலிருந்து தன்னைத் தானே எழுப்பிக்கொள்வதால் அந்தப் பெயர். நமக்குக் காலணி வேண்டாம், ‘தொடக்கு’ போதும். தொடக்கு நிரல், தொடக்க வரிசை, தொடக்க வட்டு என்று அதிலிருந்து கிளைகளும் இயல்பாக வருகின்றன.