தலைவருக்கு நாற்காலி, தூய்மைப் பணியாளருக்குச் சம்பளம்: ஊராட்சியில் சட்டம் தரும் பாதுகாப்பு

தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சியில் பணம் எடுக்க இரண்டு கையொப்பம் வேண்டும். ஒன்று தலைவருடையது, மற்றொன்று துணைத் தலைவருடையது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, பிரிவு 188 இப்படித்தான் வைத்திருக்கிறது. முறைகேட்டைத் தடுக்க வந்த ஏற்பாடு இது. ஆனால் பட்டியல் சாதியைச் சேர்ந்தவரோ பெண்ணோ தலைவராக வந்த பல ஊர்களில், அவரை முடக்க நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது இந்த இடத்தில்தான். துணைத் தலைவர் ஒப்பமிட மறுப்பார். தெருவிளக்குக்குப் பல்பு வாங்க முடியாது, மோட்டார் பழுது பார்க்க முடியாது. ஊராட்சி நிதியிலிருந்து சம்பளம் வாங்கும் குடிநீர்த் தொட்டி இயக்குபவரும் தூய்மைப் பணியாளரும் மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். "தலைவருக்கு நிர்வாகம் தெரியவில்லை" என்று பேச்சு கிளம்பும். தலைவர் மீதான அத்துமீறலும் பணியாளரின் சம்பளப் பாக்கியும் இப்படி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அதனால்தான் இரண்டையும் சேர்த்தே இங்கே விளக்குகிறோம்.

இது கற்பனையான ஆபத்து அல்ல. மதுரை மாவட்டம் மேலவளவில் தனித் தொகுதியில் வென்ற தலைவர் 1997 ஜூன் 30 அன்று, உடன் வந்தவர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை தேர்தல் நடக்காது, நடந்தாலும் வென்றவர் உடனே பதவி விலக வைக்கப்படுவார். 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலைவர் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளியாகி வழக்குப் பதிவானது. 2022 ஆகஸ்டில், சுதந்திர தினத்தில் தலைவர்கள் சாதிப் பாகுபாடின்றித் தேசியக்கொடி ஏற்றுவதை உறுதி செய்யும்படி தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

பட்டியல் சாதி, பழங்குடித் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் உள்ள சட்டம்

பட்டியல் சாதிகள், பட்டியல் பழங்குடியினர் (வன்கொடுமைத் தடுப்பு) சட்டம் 1989-ல், 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த ஒரு பிரிவு இவர்களுக்காகவே எழுதப்பட்டது. பிரிவு 3(1)(எம்): ஊராட்சியிலோ நகராட்சி அமைப்பிலோ உறுப்பினர், தலைவர் அல்லது வேறு பதவி வகிக்கும் பட்டியல் சாதியினரை, பழங்குடியினரை அவர்களது வழக்கமான பணியைச் செய்யவிடாமல் கட்டாயப்படுத்துவது, மிரட்டுவது, தடுப்பது குற்றம். வேட்புமனு போடவோ வாக்களிக்கவோ விடாமல் தடுப்பது (எல்) உட்பிரிவு. தேர்தல் முடிந்தபின் தாக்குவது, ஊர் விலக்கம் செய்வது (என்) உட்பிரிவு. பொதுமக்கள் பார்வையில் இழிவுபடுத்துவது (ஆர்), சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது (எஸ்). இவை அனைத்துக்கும் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

(எம்) உட்பிரிவின் பலம் பலருக்குத் தெரிவதில்லை. சாதிப் பெயர் சொல்லித் திட்டியதாகக் காட்ட வேண்டிய தேவை அதில் இல்லை. பணி தடுக்கப்பட்டது என்பதே அதன் மையம். அலுவலகச் சாவியைத் தராமல் வைத்திருப்பது, தீர்மானப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவது, கிராம சபையில் தலைமை இருக்கையில் உட்கார விடாதது, கொடியேற்ற விடாதது எல்லாமே பணியைத் தடுப்பதாகக் கொண்டுவர முடியும். ஆனால் காவல் நிலையத்தில் புகார் எழுதும்போது பெரும்பாலானோர் திட்டியதை மட்டும் எழுதிவிட்டு, பணி தடைப்பட்டதை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். எதிர்த் தரப்பு "பொதுமக்கள் பார்வையில் நடக்கவில்லை" என்று வாதாடினால் (ஆர்), (எஸ்) இரண்டும் ஆட்டம் காணும். நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாத இடத்தில் சொன்ன சொல் பொதுப் பார்வையில் சொன்னதாகாது என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் கூறியிருக்கிறது. (எம்) உட்பிரிவில் அந்த நிபந்தனை கிடையாது.

ஆகவே புகாரில் இவை கட்டாயம் இருக்கட்டும். உங்கள் சாதி, எதிரி (குற்றம் சாட்டப்படுபவர்) பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர் என்ற விவரம். நாள், நேரம், இடம். அன்று நீங்கள் செய்யப்போன பணி என்ன, அது எப்படித் தடைப்பட்டது. சொன்ன வார்த்தைகள், கூசாமல், சொன்னபடியே. "தகாத வார்த்தைகளால் திட்டினார்" என்று எழுதினால் வழக்கு அந்த இடத்திலேயே பாதி பலவீனமாகிவிடும். அருகில் இருந்தவர் யார் யார். தனித் தொகுதியில் நின்றவரின் சாதிச் சான்று வேட்புமனுவோடு தேர்தல் கோப்பிலேயே இருக்கும். அதன் நகலை இணைத்துவிடுங்கள். உங்கள் சாதி தனக்குத் தெரியாது என்று எதிரி எளிதில் தப்ப முடியாது. உங்களையோ உங்கள் குடும்பத்தையோ நேரில் அறிந்தவர் என்றால், சாதி தெரிந்தே செய்தார் என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் எனப் பிரிவு 8 சொல்கிறது.

செல்பேசியில் பதிவான ஒலி, காணொளி இருந்தால் அந்தக் கருவியை அழிக்காமல் வையுங்கள். நகலை மட்டும் பென்டிரைவில் கொடுத்தால் போதாது. பாரதிய சாக்ஷ்ய அதினியம் (சாட்சியச் சட்டம்) 2023, பிரிவு 63-ன்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாமல் நல்ல ஆதாரங்கள் விசாரணையில் ஏற்கப்படாமல் போகின்றன.

புகார் கொடுத்த பின்

"விசாரித்துவிட்டுப் பதிகிறோம்" என்று நிலையத்தில் சொன்னால், அதற்குச் சட்டத்தில் இடமில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2018-ல் சேர்ந்த பிரிவு 18-ஏ படி முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை. கைதுக்கு யாருடைய முன் ஒப்புதலும் தேவையில்லை. பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத அதிகாரி வேண்டுமென்றே பதிய மறுத்தால், எழுதியதைப் படித்துக் காட்ட மறுத்தால், நகல் தர மறுத்தால் பிரிவு 4 அவர் மீதே பாயும். பதியவில்லை என்றால் அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு நீதிமன்றம் போகும்போது அந்த ரசீதுதான் வழி திறக்கும்.

விசாரிப்பவர் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியாக இருக்க வேண்டும். உதவி ஆய்வாளர் விசாரித்த வழக்குகள் இந்த ஒரே காரணத்தால் விழுந்திருக்கின்றன. ஆகவே முதல் சம்மனிலேயே யார் விசாரிக்கிறார் என்று கவனித்து, தவறாக இருந்தால் எழுத்தில் சுட்டிக்காட்டுங்கள். 60 நாளில் குற்றப்பத்திரிகை, அது தாக்கலானதிலிருந்து 2 மாதத்தில் விசாரணை முடிப்பு என்பது சட்டத்தின் இலக்கு. நடைமுறை அதைவிட வெகு தூரம் பின்தங்கியிருக்கிறது. அதனால்தான் பிரிவு 15-ஏ முக்கியம்: ஜாமீன் மனு உட்பட ஒவ்வொரு நடவடிக்கையிலும் பாதிக்கப்பட்டவருக்கு அறிவிப்பு தர வேண்டும், அவர் சொல்வதைக் கேட்க வேண்டும்.

நிவாரணத் தொகை தண்டனை கிடைக்கும் வரை காத்திருக்காது. (எம்) உட்பிரிவுக் குற்றத்துக்கு மத்திய விதிகளில் 85,000 ரூபாய் என்று உள்ளது. தமிழ்நாடு 2021-ல் குறைந்தபட்சத் தொகையை 1 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. முதல் தகவல் அறிக்கை பதிந்ததும் 25 விழுக்காடு, குற்றப்பத்திரிகை நீதிமன்றம் சென்றதும் 50, தண்டனை கிடைத்தால் மீதி 25. முதல் தவணை தானாக வரவில்லை என்றால் ஆட்சியருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகல், சாதிச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தக நகல் இணைத்து மனு கொடுங்கள். உடனடி உதவிக்குத் தேசிய வன்கொடுமைத் தடுப்பு உதவி எண் 14566.

மற்றத் தலைவர்களுக்கு

பட்டியல் சாதி அல்லாத பெண் தலைவருக்கும் உறுப்பினருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா (இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) இருக்கிறது. பெண்ணின் கண்ணியத்தைக் குலைக்கும் சொல், சைகைக்குப் பிரிவு 79. பின்தொடர்ந்து தொல்லை தருவதற்குப் பிரிவு 78. மிரட்டலுக்குப் பிரிவு 351. ஊர்ப் பொதுக்காரியத்துக்கு வரி விதிக்கும், பணத்தைச் செலவிடும் அதிகாரம் உள்ளவர் 'பொது ஊழியர்' என்ற வரையறைக்குள் வருவதால், கடமையைச் செய்யவிடாமல் தாக்கினால் பிரிவு 132-ம் சேரும். இங்கே ஒரு கண்ணி உண்டு. பணிக்கு இடையூறு என்ற பிரிவு 221-ஐ மட்டும் போட்டுக் காவல்துறை அறிக்கை தாக்கல் செய்தால் வழக்கு நிற்காது. அதற்குப் பொது ஊழியரோ அவரது மேலதிகாரியோ நீதிமன்றத்தில் எழுத்துமூலம் முறையிட வேண்டும். அவதூறுக்கும் காவல் நிலையம் போய்ப் பயனில்லை, நேரடியாக நடுவர் மன்றம்தான்.

மனைவி தலைவர், கணவர் நாற்காலியில் என்ற வழக்கம் இன்னும் ஒழியவில்லை. கூட்டத்தை நடத்தவும் தலைவராக ஒப்பமிடவும் மனைவிக்கே உரிமை, கணவருக்கு இல்லை. அந்த உரிமையை வீட்டுக்குள்ளேயே பறிப்பதும் அத்துமீறல்தான் என்பதை நாம் உரக்கச் சொல்ல வேண்டும்.

கையொப்பம் முடங்கினால்

துணைத் தலைவர் மறுக்கிறார் என்றால் வாய்ப்பேச்சில் விடாதீர்கள். எந்தச் செலவு, எந்தத் தீர்மான எண், எவ்வளவு தொகை, யாருக்குச் சம்பளம் பாக்கி என்று எழுதி, குறிப்பிட்ட நாளுக்குள் ஒப்பமிடக் கேட்டுக் கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஒப்புகை தர மறுத்தால் பதிவுத் தபால். பின்னர் அதே கடிதத்தோடு வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சிகள்) வழியாகவும், நேரடியாகவும் ஆட்சியருக்கு மனு. ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் ஆட்சியர் ஊராட்சிகள் சட்டத்தின் பிரிவு 203-ஐப் பயன்படுத்தி, வட்டார வளர்ச்சி அலுவலர் ஒப்பமிட ஏற்பாடு செய்வது நடைமுறையில் உண்டு. மனுவின் முதல் வரியிலேயே "பணியாளர் சம்பளமும் குடிநீரும் தடைப்பட்டுள்ளன" என்று எழுதுங்கள், அவசரம் அதில்தான் தெரியும். எச்சரிக்கை ஒன்று: இதே பிரிவைக் காட்டித் தலைவரின் ஒப்ப அதிகாரத்தையும் எடுத்துவிட முடியும். ஆகவே பற்றுச்சீட்டு, தீர்மானம், அளவுப் புத்தகம் (முடிந்த வேலையின் அளவைப் பதியும் ஏடு) மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தியிருக்க வேண்டும்.

தலைவரை உறுப்பினர்கள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டு வீட்டுக்கு அனுப்ப முடியாது. பதவி நீக்கம் அதே சட்டத்தின் பிரிவு 205 வழியாக மட்டுமே: ஆட்சியர் விளக்கம் கேட்க வேண்டும், விளக்கம் போதாதென்றால் வட்டாட்சியர் கூட்டம் கூட்டி உறுப்பினர்களின் கருத்தைப் பெற வேண்டும், அதன் பிறகே ஆணை. விளக்கம் கேட்டு வரும் கடிதத்துக்குக் கெடுவுக்குள், குற்றச்சாட்டு எண் வாரியாகப் பதில் எழுதுங்கள். "எல்லாம் பொய்" என்ற ஒற்றை வரிப் பதிலால் பதவி இழந்தவர்கள் உண்டு.

சம்பளம்

ஊதியச் சட்டத்தொகுப்பு 2019, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இருந்த குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 1948-ன் அட்டவணையில் உள்ளாட்சி அமைப்பு வேலை இடம்பெற்றிருந்தது. புதிய தொகுப்பில் எல்லா வேலைக்கும் குறைந்தபட்ச ஊதியம் பொருந்தும். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் தர வேண்டும். கூடுதல் நேரத்துக்கு இரட்டை வீதம். குறைவாகத் தந்தால் முறையிட 3 ஆண்டு அவகாசம். பழைய சட்டத்தில் இது 6 மாதம் மட்டுமே. பாக்கியோடு, அதைப்போல் 10 மடங்கு வரை இழப்பீடும் விதிக்கலாம். கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் சுமை வேலை கொடுப்பவர் மேல்.

கிராமங்களில் தூய்மைக் காவலர்களுக்குத் தரப்படுவது மதிப்பூதியம். 3,600 ரூபாயாக இருந்ததை 5,000 ஆக உயர்த்தினார்கள். வீடு வீடாகக் குப்பை வாங்கித் தரம்பிரிக்கும் ஒருவருக்கு இது போதாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே வேலை வாங்குவது அரசியல் சட்டக் கூறு 23 தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982-ல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சொன்னதை, தொழிற்சங்கங்கள் இவர்கள் விஷயத்தில் விடாமல் எடுத்துக்காட்ட வேண்டும்.

நகரங்களில் சிக்கல் ஒப்பந்ததாரர். அவர் தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவரான மாநகராட்சியோ நகராட்சியோ கொடுத்துவிட்டு அவரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆகவே மனுவில் இருவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். ஒப்பந்ததாரரை மட்டும் சேர்த்தால், ஒப்பந்தம் முடிந்ததும் ஆளே கிடைக்கமாட்டார். பிடித்த பணம் போய்ச் சேர்ந்ததா என்றும் பாருங்கள்: வருங்கால வைப்பு நிதிக்கு 12 விழுக்காடு, தொழிலாளர் மருத்துவக் காப்பீடான ஈ.எஸ்.ஐ.க்கு 0.75 விழுக்காடு பிடிப்பார்கள். வைப்பு நிதிக் கணக்கேட்டை மாதந்தோறும் செல்பேசியில் பார்த்தால், கட்டாமல் விட்ட மாதம் உடனே தெரியும்.

மனுவுக்கு ஒரு தாள் போதும்: மாதம், வேலை செய்த நாள், கிடைத்த தொகை, கிடைக்க வேண்டிய தொகை, வித்தியாசம். வருகைப் பதிவேடு அவர்கள் கையில் இருப்பதால், தினமும் ஒப்பமிடும் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். தனியாளாகப் போகத் தயங்குபவர்களுக்காகச் சங்கமே மனு போடலாம். தொழிலாளர் துறையில் அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். 27 மாவட்டங்களில் 2019 டிசம்பர் தேர்தலில் வென்றவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, அவர்களுக்குப் பதிலாக ஊராட்சியை நடத்தத் தனி அலுவலர்கள் வந்தார்கள். தனி அலுவலர் காலத்துச் சம்பளப் பாக்கிக்கும் இதே வழிதான், எதிர்மனுதாரராக அவரது பதவிப் பெயரை எழுதினால் போதும்.