‘மூலிகைச் சாராயம்’ அன்று, நறுந்தோப்பி

கெமோமில் பூவும் லாவெண்டரும் இட்டு வீட்டிலேயே ஆக்கிக்கொள்ளும் ஏல் வகைப் பியரைத் தமிழில் அறிமுகப்படுத்தும் காணொளிகளும் கட்டுரைகளும் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. அவற்றுள் பல அந்தப் பானத்துக்கு ‘மூலிகைச் சாராயம்’ என்று பெயர் சூட்டியிருக்கின்றன. சில இன்னும் ஒரு படி மேலே சென்று, மனத்தை அமைதிப்படுத்தும் செடிகள் என்பதை ‘மயக்க மூலிகைகள்’ என்று பெயர்த்து, ‘வீட்டில் மயக்க மூலிகைச் சாராயம் காய்ச்சுவது எப்படி’ என்று தலைப்பிட்டிருக்கின்றன. ஒரு முறை கேட்டால் பொறுத்துக்கொள்ளலாம். திரும்பத் திரும்பக் கேட்கும்போது, இது பிழையான சொல் மட்டுமன்று, தீங்கான சொல்லும்கூட என்று எழுதியே ஆகவேண்டியிருக்கிறது.

முதலில் மூலச் சொல்லைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ‘ஏல்’ என்பது பழைய ஆங்கிலத்தில் ‘எயலு’ என வழங்கியது. பழைய நோர்ஸ் மொழியின் ‘ஓல்’ அதன் உறவுச் சொல். திருமணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ‘பிரைடல்’ என்பதும் மணமகளுக்கான ஏல் விருந்து என்ற பொருளில் பிறந்ததே. 15ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தில், கசப்பும் மணமும் தரும் கொடிப்பூவான ஹாப்ஸ் சேராதது ஏல், ஹாப்ஸ் சேர்ந்தது பியர் என்ற வேறுபாடு நிலவியது. இன்று அந்த வேறுபாடு மறைந்து, 15 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரையான வெதுவெதுப்பில் ஈஸ்ட் மேலெழுந்து நொதிக்கும் பியர் வகைகளையே ஏல் என்கிறார்கள்.

ஹாப்ஸ் பரவுவதற்கு முன்பு இன்றைய நெதர்லாந்து, பெல்ஜியம் பகுதிகளிலும் வடமேற்கு ஜெர்மனியிலும் பியருக்கு மணமும் கசப்பும் தந்தது ‘கிரூட்’ என்னும் செடிக் கலவை. சதுப்பு மிர்ட்டில், ‘யாரோ’ என்னும் செடி முதலியவை அதில் இருந்தன. அதை விற்கும் உரிமையே பெரும் வருவாயாக இருந்தது. 974இல் புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ஓட்டோ, ஃபோஸ் என்ற ஊரின் கிரூட் உரிமையை லியேஜ் ஆயர் நோட்கருக்கு அளித்தார். பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் இன்று அருங்காட்சியகமாக உள்ள குரூட்ஹூஸ் மாளிகையின் பெயரும் அந்தக் கலவையின் பெயரிலிருந்தே வந்தது. பவேரியாவின் 1516ஆம் ஆண்டுச் சட்டம் பியருக்குப் பார்லி, ஹாப்ஸ், நீர் மூன்றை மட்டுமே அனுமதித்தது. ஆகவே இன்று பூவும் தழையும் இட்டு ஏல் ஆக்குவோர் புதுமை எதையும் செய்யவில்லை. ஹாப்ஸுக்கு முந்திய வழக்கத்துக்கே திரும்புகிறார்கள்.

இனி நம் சொல்லுக்கு வருவோம். சாராயம் என்பது வாலை என்னும் வடிகலத்தில் ஏற்றி, ஆவியாக்கி, குளிர்வித்து இறக்கிய மது. கள்ளிலிருந்தோ வெல்ல ஊறலிலிருந்தோ அதை இறக்குவார்கள். தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் இதில் கருத்து வேறுபாடு இல்லை. ஏல் ஆக்கும் முறையில் வாலை என்ற ஒன்று எங்கும் இல்லை. முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து இனிப்புச் சாறு எடுக்கிறார்கள். அதை ஒரு மணி நேரம் அளவுக்குக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைக்கும் தறுவாயில் பூக்களை இடுகிறார்கள். முன்னதாக இட்டால் மணம் ஆவியோடு போய்விடும். ஏறத்தாழ 20 டிகிரிக்கு ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்தால், ஒன்றிரண்டு வாரங்களில் நொதித்தல் அடங்கும். பிறகு சிறிது சர்க்கரையோடு புட்டியில் அடைத்து மேலும் இரண்டு வாரம் விட்டால் நுரை கட்டும். இவ்வாறு கிடைக்கும் பானத்தில் ஆல்கஹால் பெரும்பாலும் 4 முதல் 6 விழுக்காடுதான் இருக்கும்.

இந்த வேறுபாட்டை நுணுக்கம் என்று தள்ளிவிட முடியாது. பிரிட்டனில் 1963 முதல் வீட்டில் பியர் ஆக்க உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டுச் சட்டம் சொந்தத் தேவைக்கு அதை அனுமதித்தது. ஆனால் உரிமம் இல்லாமல் வீட்டில் சாராயம் வடிப்பதை அந்த விலக்குகள் அனுமதிக்கவில்லை; அது குற்றமாகவே வைக்கப்பட்டது. அங்கே வாழும் தமிழர் ஒருவர், சட்டத்துக்கு உட்பட்ட தம் பொழுதுபோக்கைத் தமிழில் சொல்லும்போது குற்றச் செயலின் பெயரால் சொல்ல நேர்வது மொழிபெயர்ப்பாளர் செய்த கேடு. தமிழ்நாட்டிலோ வீட்டில் எந்த மதுவை ஆக்குவதும் சட்டப்படி குற்றமே. ஆனால் ‘காய்ச்சிய சாராயம்’ என்றதும் இங்கே எவருக்கும் நினைவுக்கு வருவது 2023இல் மரக்காணத்திலும் 2024இல் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் பறித்த உயிர்கள்தாம். ஈழத்தில் கள்ளச்சாராயத்தைக் குறிக்கும் ‘கசிப்பு’ என்ற சொல்லுக்கும் இத்தகைய நிழல் உண்டு. அந்த நிழலைப் பூமணம் கமழும் ஒரு பார்லிப் பானத்தின் மீது படியவிடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

‘மயக்க மூலிகை’ இதைவிடக் கொடியது. மயக்குதல் வேறு, அமைதிப்படுத்துதல் வேறு. ஒருவர் குடிக்கும் பானத்தில் மயக்கமருந்து கலந்தார்கள் என்ற செய்திகளைப் படிக்கும் நாட்டில், கெமோமில் பூவை அந்தச் சொல்லால் குறிப்பதா? கெமோமிலையும் லாவெண்டரையும் மக்கள் நாடுவது படபடப்பு அடங்குவதற்கும் உறக்கம் இதமாக வருவதற்குமே. ‘அமைதி தரும் பூக்கள்’ என்று எழுதினால் போதும். எளிய சொல் இருக்கும்போது அகராதியின் முதல் பொருளைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை. இதே அவசரத்தில் கெமோமிலைச் ‘சாமந்தி’ என்று எழுதுவோரும் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது உண்மை. ஆனால் அவை வேறு வேறு செடிகள். அந்த வரியை நம்பிப் பூக்கடைச் சாமந்தியை உதிர்த்துப் பானையில் இடுபவருக்கு யார் பொறுப்பு?

மாற்றாக முன்வைக்கப்படும் சொற்களையும் எடைபோட வேண்டும். ‘மூலிகைக் கள்’ என்பார் சிலர். பழந்தமிழில் கள் என்பது நொதித்த மதுவுக்கெல்லாம் பொதுப்பெயராக இருந்தது மெய். இன்றைய வாசகர் அந்தச் சொல்லில் பனையையும் தென்னையையும் தவிர வேறு எதையும் காணமாட்டார். ‘தேறல்’ அழகான சொல்; ஆனால் அது தெளிந்த மதுவைக் குறிப்பது, வீட்டில் ஆக்கும் ஏலோ பெரும்பாலும் கலங்கலானது. ‘அரிஷ்டம்’ என்ற பரிந்துரை ஓரளவு சிந்தித்துச் சொல்லப்பட்டது. கொதித்த கசாயத்தில் இனிப்பும் தாதகிப்பூவும் சேர்த்து நொதிக்கவைக்கும் அரிஷ்டத்துக்கும் கிரூட் முறைக்கும் செய்முறையில் ஒற்றுமை உண்டு. ஆயினும் அரிஷ்டம் மருந்து. தானியம் அதன் அடிப்படை அன்று. அளவு பார்த்து உண்ணும் மருந்தின் பெயரை விருந்துப் பானத்துக்கு இடுவது, அந்தப் பானம் நோய் தீர்க்கும் என்ற பொய்யான உறுதியைத் தந்துவிடும். ‘மூலிகை’ என்ற அடையையே நான் தவிர்க்க விரும்புவதற்கும் இதுதான் காரணம். ‘பூண்டு’ என்னும் பழைய சொல்லோ இன்று வெள்ளைப்பூண்டாகிவிட்டது. ஒலிபெயர்த்து ‘ஏல்’ என்றே எழுதுவதில் எனக்குப் பகை இல்லை. ஆனால் ‘ஏலின் மணம்’ என்று எழுதினால் படிப்பவர் ஏலக்காயைத்தான் நினைப்பார்.

நமக்குத் தேவையான சொல் பெரும்பாணாற்றுப்படையில் கிடக்கிறது. ஆநிரை கவர்ந்து மீண்ட மறவர்கள் ‘நறவுநொடை தொலைச்சி, இல்லடு கள்ளின் தோப்பி பருகி’ மகிழ்ந்தார்கள் என்கிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். கவர்ந்த பசுக்களைக் கொடுத்து நறவுக்கான விலையைத் தீர்த்தார்கள். தோப்பியோ தம் வீட்டிலேயே ஆக்கியது. நெல்லால் ஆக்கிய மது என்று அதற்கு உரை சொல்கிறார்கள். தானியத்திலிருந்து, வாலை இல்லாமல், இல்லத்திலேயே ஆக்குவது என்னும் மூன்று கூறுகளும் அந்த ஒரே அடியில் அமைந்திருக்கின்றன. அதே பாட்டில் இன்னோரிடத்தில் அரிசிக் கூழை அகன்ற வாய்ப் பிழாவில் ஆற்றி, நல்லடை கலந்து, இரு பகலும் இரு இரவும் கழியச் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்த மதுவை ‘நறும்பிழி’ என்கிறார். எனவே பூவும் தழையும் இட்ட ஏலுக்கு ‘நறுந்தோப்பி’ என்பதே என் பரிந்துரை. தோப்பி நெல்லுக்கு உரியதாயிற்றே, பார்லிக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். அப்படிப் பார்த்தால் எள்ளின் நெய்யாகிய எண்ணெயைத் தேங்காய்க்கும் கடலைக்கும் நாம் வழங்கியிருக்கக் கூடாது.

வினைச்சொல்லிலும் கவனம் வேண்டும். கஞ்சியும் பாலும் காய்ச்சுவது இயல்பே என்றாலும், மதுவோடு சேரும்போது ‘காய்ச்சுதல்’ சாராயத்தையே சுட்டுகிறது. ‘வடித்தல்’ அதைவிட நேராகச் சுட்டுகிறது. ‘இல்லடு’ என்பதில் உள்ள ‘அடுதல்’ அடுப்பிலும் அடிசிலிலும் மட்டுமே எஞ்சியிருப்பதால், சோற்றுக்கும் குழம்புக்கும் நாம் வழங்கும் ‘ஆக்குதல்’ போதும். ஈஸ்டுக்கு ஈழத்துப் பாடநூல்களில் உள்ள ‘மதுவம்’ நல்ல சொல். தமிழ்நாட்டாரும் அதை எடுத்துக்கொள்ளலாம். ‘நொதி’ என்சைமுக்கு நிலைத்துவிட்டதால் அதை ஈஸ்டுக்கு எழுதிக் குழப்பக் கூடாது. ஹாப்ஸ் ஹாப்ஸாகவே இருக்கட்டும். அந்தக் கொடி நம் மண்ணில் வழங்கியதில்லை.

இவற்றைக் கொண்டு அந்தத் தலைப்பைத் திருத்தினால், ‘அமைதி தரும் பூக்கள் இட்ட நறுந்தோப்பியை வீட்டில் ஆக்கும் முறை’ என்று வரும். முதன்முறை வழங்கும்போது ‘நறுந்தோப்பி, அதாவது பூவும் தழையும் இட்ட ஏல்’ என்று ஒரு தொடர் சேர்த்துவிட்டால் எவருக்கும் விளங்கும். அதோடு, உறக்க மாத்திரை உண்பவர்கள் இதைக் குடிக்கக் கூடாது என்ற எச்சரிக்கையையும் மறவாமல் பெயர்க்க வேண்டும்; நான் கண்ட தமிழ்க் குறிப்புகளில் விடுபட்டிருந்த வரி அதுவே.