புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றவில்லை என்பதற்காகக் கடலில் இறங்கலாமா?

கடந்த வாரம் உவரிக்கு அருகே ஒரு கடற்கரைச் சிற்றூரில், விலா எலும்பு முறிந்து படுத்திருந்த பெரியவர் ஒருவரின் கட்டிலருகே அமர்ந்திருந்தேன். விடியற்காலையில் பைபர் படகைத் தள்ளியபோது, அலைவாய்க்கரையிலேயே அது கவிழ்ந்து அவர்மேல் விழுந்திருக்கிறது. மீனவர் எச்சரிக்கை முந்தைய மாலையே வந்திருந்தது. அவர் மகனின் கைப்பேசிக்கு அதை அனுப்பியதும் நான்தான். பிறகு ஏன் போனீர்கள் என்று கேட்டேன். "புயல்னு ஒண்ணும் போடலியே தம்பி, தூத்துக்குடியில கூண்டும் ஏத்தலியே" என்றார். ஆனி பிறந்ததிலிருந்து இந்த விடையை நான் கேட்பது இது நான்காவது முறை. கடல் வானிலை அறிவிப்புகளைக் கரையோர ஊர்களில் விளக்கிச் சொல்வதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, இதை இனியும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

புயல் என்ற சொல்லுக்கு வானிலைத் துறையில் கறாரான அளவு உண்டு. கடலின் மேல் ஒரு தாழ்வழுத்த மையத்தைச் சுற்றிச் சுழலும் காற்றின் நீடித்த வேகம் மணிக்கு 31 முதல் 49 கி.மீ. வரை இருந்தால் அது தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால்தான் புயல், அப்போதுதான் அதற்குப் பெயரும் சூட்டுவார்கள். இனி, ஆனியிலும் ஆடியிலும் மன்னார் வளைகுடாவுக்கும் குமரிக்கடலுக்கும் அடிக்கடி வரும் அறிவிப்பைப் பாருங்கள்: சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்திலும், இடையிடையே 65 கி.மீ. வேகத்திலும் வீசக்கூடும். தாழ்வு மண்டலத்திலும் ஆழ்ந்த தாழ்வு மண்டலத்திலும் வீசும் வேகம்தானே இது? ஒரு மையத்தைச் சுற்றாமல் பருவக்காற்றாக ஒரே திசையில் வீசுவதால் இதற்குப் பெயர் இல்லை. கவிழ்கிற படகுக்கு அந்த வேறுபாடு தெரியாது. காற்றின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கூண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது துறைமுகத்துக்கும் அங்கே வந்துபோகும் கப்பல்களுக்கும் ஏற்றப்படுவது. கூடுதாழைக்காரரும் இடிந்தகரைக்காரரும் இன்று தொழிலுக்குப் போகலாமா என்பதற்கு அதில் விடை தேடக்கூடாது.

வானம் தெளிவாக இருக்கிறதே என்பது அடுத்த சமாதானம். தென்மேற்குப் பருவத்தில் மழையை மலை வாங்கிக்கொள்கிறது. குற்றாலத்தில் சாரல் அடிக்கும் அதே நாளில் நம் கரையில் வெயில் கொளுத்தும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் குமரிமுனையைச் சுற்றியும் வரும் காற்று கடலைக் கலக்கிக்கொண்டிருக்கும். கைப்பேசிச் செயலி காட்டும் சூரியப் படம் மழை இல்லை என்று மட்டுமே சொல்கிறது.

காற்றே இல்லாத நாளிலும் கடல் ஏமாற்றும். அதனால்தான் அதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த கடுங்காற்றில் எழுந்த நீண்ட அலைகள், பல ஆயிரம் கி.மீ. கடந்து சில நாட்கள் கழித்து நம் கரையில் ஏறுகின்றன. 2024 மே மாதம் குமரி மாவட்டக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தது கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பிலிருந்த நாளில்தான். ஹைதராபாத்திலுள்ள இந்தியக் கடல் தகவல் சேவை மையம் இதற்கெனத் தனி எச்சரிக்கை வெளியிடுகிறது. குளிக்க வருகிறவர்களும் அதைப் பார்க்க வேண்டும்.

அறிவிப்பில் அலை உயரம் 3 மீட்டர் என்றிருந்தால், அதற்கு மேல் அலை எழாது என்று கொள்ளாதீர்கள். எழும் அலைகள் அனைத்திலும் மிக உயரமான மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து அவற்றின் சராசரியைத்தான் அப்படித் தருகிறோம்; தனி அலை ஒன்று ஏறத்தாழ அதன் இரு மடங்குவரை எழலாம்.

புயல் என்று பெயரில்லாததாலேயே ஆபத்தில்லை என்று எண்ணக்கூடாது என்பது கரைக்குள்ளே இருப்பவர்களுக்கும் பொருந்தும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியதையும், தாமிரபரணி திருநெல்வேலிக்குள் புகுந்ததையும் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று பெயர் சூட்டப்பட்ட புயல் எதுவும் நம் பக்கம் வரவில்லை. குமரிக்கடல் பகுதியில் நிலவிய வளிமண்டலச் சுழற்சி ஒன்றே போதுமானதாக இருந்தது.

மாலை அறிவிப்பைக் கேட்டவர்கள், படகைத் தள்ளுவதற்கு முன் புதிய அறிவிப்பையும் கேளுங்கள். இரவுக்குள் நிலைமை மாறும். ஒக்கி 2017 நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலமாகத்தான் இருந்தது; மறுநாளே குமரிக்கு அருகில் புயலாகிவிட்டது. கடலிலேயே பல நாள் தங்கி மீன்பிடிக்கும் தங்குகடலுக்கு முன்பே போய்விட்டவர்களைக் கைப்பேசிச் செய்தி எட்டவில்லை. ஆகவே பல நாள் தொழிலுக்குப் போகிறவர்கள், புறப்படும் நாளின் நிலையை மட்டும் பார்க்காமல், அடுத்த ஐந்து நாட்களுக்கான எச்சரிக்கையையும் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும். படகு இருக்கும் இடத்தைக் காட்டும் டிரான்ஸ்பாண்டர் கருவியை அணைத்து வைக்காதீர்கள். உயிர்காப்புச் சட்டையை உட்காரும் மெத்தையாகப் போடாமல் உடம்பில் போடுங்கள். இதை எத்தனை முறைதான் சொல்வது?

வீட்டிலிருக்கும் அக்காமாரிடம் ஒரு வேண்டுகோள். எந்தப் பக்கம் போகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் தாண்டியும் படகு வரவில்லையென்றால், இருட்டும்வரை கரையில் காத்து நிற்காமல், கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணை உடனே அழையுங்கள்.