யார் சொல்வது சரி என்று சோதித்துப் பார்த்தீர்களா?

குடும்ப ஆலோசனைக்கு வருபவர்கள் வந்து உட்கார்ந்ததும் சொல்வது, "எனக்கு இவரைத் தெரியும், இவர்தான் ஒத்துக்க மாட்டேங்கிறார்." எதிர் நாற்காலியில் இருப்பவரும் அதையேதான் சொல்வார். யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் நம்பிக்கைக்கு ஒத்துவந்த சம்பவங்கள் மட்டும் அவரவருக்கு நன்றாக நினைவிருக்கின்றன. 1960இல் பீட்டர் வாசன் என்ற உளவியலாளர் 2, 4, 6 என்ற எண்களைக் கொடுத்து, இவை எந்த விதிப்படி அமைந்தவை என்று கண்டுபிடிக்கச் சொன்னார். பலர் தங்கள் ஊகத்துக்குப் பொருந்தும் 8, 10, 12 மாதிரியான எண்களையே சொல்லிப் பார்த்து, 'பொருந்துகிறது' என்று பதில் வந்ததும் இரண்டிரண்டாகக் கூடுவதுதான் விதி என்று முடிவுகட்டினார்கள். உண்மையில் ஏறுவரிசையில் எந்த மூன்று எண்களும் பொருந்தும். 1, 2, 3 என்று ஒரு தடவை கேட்டிருந்தாலே அவர்கள் ஊகம் உடைந்திருக்கும்.

ஒரு தம்பதியைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான். நான் நினைவுபடுத்தாவிட்டால் பையன் வீட்டுப்பாடத்தைத் தொடவே மாட்டான் என்கிறார் அம்மா, நீ நச்சரிப்பதால்தான் அவன் தொடுவதில்லை என்கிறார் அப்பா, இந்தச் சண்டை வருஷக்கணக்காக ஓடுகிறது. இரண்டு வாரம் யாரும் நினைவுபடுத்த வேண்டாம் என்றேன். என்ன நடக்கும் என்று தனித்தனியாக எழுதச் சொன்னேன், அப்புறம் எது நடந்தால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள் என்றும் எழுதச் சொன்னேன். முதலாவதை மளமளவென்று எழுதியவர்கள், இரண்டாவதற்கு வந்ததும் பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்துவிட்டார்கள். அதை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை, ஏனென்றால் முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால் என்ன நடந்தாலும் 'நான் அப்பவே சொன்னேனே' என்றுதான் போய் நிற்கும்.

நடந்தது இதுதான். முதல் சில நாள் பையன் எதையும் செய்யாமல் பள்ளியில் திட்டு வாங்கினான், பிறகு கணக்கைத் தானாகவே போட ஆரம்பித்தான், ஆனால் எழுத்து வேலையைத் தொடவே இல்லை. இரண்டு தாளில் எழுதியிருந்ததும் பொருந்தவில்லை. எழுதுவதில் அவனுக்கு என்ன சிரமம் என்ற கேள்விதான் மிஞ்சியது, அதை இருவரும் சேர்ந்தே கேட்டார்கள்.

இது என் கண்டுபிடிப்பு கிடையாது. 1960களில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர் உருவாக்கிய உளவியல் சிகிச்சை முறையிலேயே, வந்தவரின் நம்பிக்கையோடு வாதாடாமல் அவரோடு சேர்ந்து அதைச் சோதிப்பது முக்கியமான பகுதி.

ஆனால் எல்லாவற்றையும் அனுபவித்துப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. "பிரஷர் மாத்திரையை நிறுத்தினேன், ஒண்ணும் ஆகலையே" என்று வீட்டில் வாதாடுபவர்கள் உண்டு. உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது; கருவியில் அளந்தால்தான் தெரியும், மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தவே கூடாது. இன்னொன்று, துணைக்குத் தெரியாமல் வைக்கும் சோதனை. வேண்டுமென்றே போனை எடுக்காமல் இருந்து, அவர் பதறுகிறாரா என்று பார்ப்பது மாதிரி. தான் சோதிக்கப்படுவதே தெரியாதவர் பதறாமல் இருக்க ஆயிரம் காரணம் இருக்கும், தெரியவந்தால் சண்டை இன்னும் பெரிதாகும். என்ன பார்க்கப்போகிறோம், எத்தனை நாள் என்பதை இருவரும் உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.