கிர்ஷ்னரின் வெட்டுண்ட கை

ஜெர்மானிய ஓவியர் எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஷ்னர் 1915-இல் தீட்டிய, படைவீரர் கோலத்திலான தன்னுருவ ஓவியத்தை வகுப்பில் திரையிடும்போதெல்லாம், மாணவர்கள் முதலில் கேட்பது, "எந்தச் சண்டையில் சார் கை போச்சு?" என்பதுதான். கை போகவே இல்லை. முதல் உலகப் போரில் ஜெர்மானியப் படையில் சேர்ந்த அவர், ஹாலே நகரில் பீரங்கிப் படைப்பிரிவில் பயிற்சி பெற்றபோதே மனமும் உடலும் குலைந்து, போர்முனையைக் காணாமலேயே விடுவிக்கப்பட்டார். தோளில் தெரியும் 75 என்ற எண் அப்பிரிவுக்கு உரியது. அதாவது, சீருடை உண்மை. துண்டான வலக்கை, இனித் தூரிகை பிடிக்க முடியாதோ என்ற அச்சத்துக்கு அவர் கொடுத்த உருவம்.

கிர்ஷ்னருடையது வெளிப்பாட்டியல், அதாவது கண்ணால் கண்டதை அப்படியே தீட்டாமல் உள்ளத்து உணர்ச்சிக்கேற்ப உருவையும் வண்ணத்தையும் மாற்றித் தீட்டும் பாணி. வெளிப்பாட்டியல் ஓவியம் என்றாலே, மனம் கலங்கியவர் கை போன போக்கில் கிறுக்கியது என்று எண்ணும் வழக்கம், படித்தவர்களிடமும் இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. 1905-இல் டிரெஸ்டனில் நண்பர்களுடன் 'பாலம்' என்ற குழுவைத் தொடங்கிய காலத்திலிருந்தே மரப்பலகையில் உருவைச் செதுக்கி, மை தடவி அச்சிடும் மரச்செதுக்கு அச்சில் ஊறியவர் கிர்ஷ்னர். உளியால் சீவியதுபோல் நீண்டு ஒடுங்கிய முகமும், கோணம் கோணமாக முறியும் விளிம்புகளும் அந்தப் பழக்கத்திலிருந்து வந்தவையே. நடுங்கும் கைக்கு அவ்வளவு உறுதியான கோடு வராது.

மாணவர்களிடம் அந்த வெட்டுண்ட கையை உள்ளங்கையால் மறைத்துவிட்டுப் பார்க்கச் சொல்வேன். அச்சம் சற்றும் குறைவதில்லை. ஏனெனில் கண்களில் கருமணி இல்லை. சீருடையின் நீலமே அவற்றுக்குள்ளும் பரவியிருக்கிறது. உதட்டில் சிகரெட் தொங்க, பின்னால் ஆடையற்ற மாடல் பெண் நிற்க, தன் ஓவியக்கூடத்திலேயே அந்நியராக நிற்கும் அவர் அவளைப் பார்க்கவுமில்லை. பிறகு கையை விலக்கினால், அந்தச் சிவந்த முனை, கண்கள் முன்பே சொல்லிவிட்டதை உரக்கச் சொல்வதாகத்தான் தெரியும். (அது சற்று மிகையோ என்றுகூட எனக்குச் சில நாள் தோன்றும்.)

1937-இல் மியூனிக்கில், நவீன ஓவியங்களை இழிவுபடுத்திக் காட்ட நாஜிகள் நடத்திய 'சீரழிந்த கலை' கண்காட்சியில் இதே படத்துக்கு, 'விலைமகளுடன் படைவீரன்' என்று பெயர் மாற்றி ஒட்டினார்கள். ஜெர்மானிய அருங்காட்சியகங்களிலிருந்து அவருடைய அறுநூறுக்கும் மேற்பட்ட படைப்புகள் அகற்றப்பட்டன. மறு ஆண்டு ஜூன் மாதம், சுவிட்சர்லாந்தின் டாவோஸ் அருகே அவர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறந்தார். அந்த ஓவியம் இன்று அமெரிக்காவின் ஓபர்லின் நகரில் உள்ள ஆலன் நினைவு அருங்காட்சியகத்தில், அவர் வைத்த பெயரிலேயே இருக்கிறது.