டாக்டர் ட்ரே ஹெட்போனில் கோடிகள் சம்பாதித்தது எப்படி?

2014 மே 28 அன்று, ஹெட்போன் செய்யும் பீட்ஸ் எலெக்ட்ரானிக்ஸ், இணையத்தில் பாட்டுக் கேட்கவைக்கும் பீட்ஸ் மியூசிக் என்ற இரண்டு நிறுவனங்களையும் 300 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக ஆப்பிள் அறிவித்தது. அதுவரை ஆப்பிள் வாங்கிய நிறுவனங்களில் இவ்வளவு விலை எதற்கும் கொடுத்ததில்லை. விற்றவர்களில் ஒருவர் ஆந்த்ரே யங், ராப் உலகம் டாக்டர் ட்ரே என்று அழைக்கும் இசைத் தயாரிப்பாளர். அந்த ஓராண்டில் வரிக்கு முந்தைய அவருடைய வருமானம் 62 கோடி டாலர் என்று ஃபோர்ப்ஸ் இதழ் கணக்கிட்டது.

இந்தப் பணத்தில் பெரும்பகுதி பாட்டு விற்று வந்ததல்ல. காதில் மாட்டும் ஒரு கருவியைச் செய்யும் நிறுவனத்தில் அவருக்குப் பங்கு இருந்ததால் வந்தது. அந்தக் கருவி ஏன் அப்படி விற்றது என்பதற்கான விடையில் ஒரு பாதி நம் காது கேட்கும் விதத்தில் இருக்கிறது. விற்ற பணம் ஏன் அவர் கைக்கு வந்தது என்பதற்கான விடை ஒப்பந்தத்தில் இருக்கிறது. ட்ரேவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவதை மட்டும் பேசுவார்கள். எனக்கு முதலாவதுதான் கூடுதல் சுவாரசியம்.

கலிபோர்னியாவின் காம்ப்டன் நகரில் 1965இல் பிறந்தவர் ட்ரே. 1980களில் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளப்புகளில் டிஜேயாகத் தொடங்கி, என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவின் இசையை வடிவமைத்தவர்களில் ஒருவரானார். அந்தக் காலத்து ராப் இசையின் முதுகெலும்பு ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808 என்ற ட்ரம் இயந்திரம். 1980இல் வெளிவந்து 1983இல் தயாரிப்பு நின்றுபோன கருவி அது. அதன் ‘கிக்’ (பெரிய ட்ரம்மின் ‘தும்’) ஒலி எந்தத் தோலிலும் அடித்து எழுப்பியதல்ல. ஒரு மின்சுற்று சுமார் 50 ஹெர்ட்ஸில் அதிர்ந்து மெல்ல அடங்கும் ஓசை. நொடிக்கு 50 அதிர்வு என்றால் ஓர் அலையின் நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். லாஸ் ஏஞ்சல்ஸ் இளைஞர்கள் கார் டிக்கியில் பெரிய ஸ்பீக்கர்களைப் பொருத்தி இந்த ஒலியைத் தெருவெல்லாம் அதிரவிட்டார்கள். காரில் கேட்பதற்கென்றே தன் பாட்டுகளைச் செய்ததாக ட்ரே சொல்லியிருக்கிறார். அவருடைய பாட்டில் பேஸ், அதாவது இந்தத் தாழ்ந்த ஒலி, போனால் பாட்டே போன மாதிரி.

இந்த ஒலியைத்தான் ஐபாட் காலம் காணாமல் அடித்தது. 1999இல் இணையத்தில் பாட்டுகளைப் பகிரும் நாப்ஸ்டர் வந்து பாட்டுகளை இலவசமாக்கியது. 2000இல் ட்ரே அதன் மீது வழக்குப் போட்டார். 2001இல் ஆப்பிளின் கையடக்கப் பாட்டுக் கருவியான ஐபாட் வந்தது. நூற்றுக்கணக்கான டாலர் விலையுள்ள கருவியோடு சின்ன வெள்ளை இயர்போன் ஒன்று இணைப்பாக வந்தது. பாட்டைத் திருடுகிறார்களே என்ற கோபத்தோடு, உழைத்துச் செய்த ஒலியும் கேட்பவர் காதில் செத்துப் போகிறதே என்ற வருத்தமும் ட்ரேவுக்குச் சேர்ந்துகொண்டது. அந்த வருத்தத்துக்கு இயற்பியலில் காரணம் இருக்கிறது.

முதல் காரணம் காதுதான். நம் காது எல்லா ஒலியையும் ஒரே கண்ணோட்டத்தில் நடத்துவதில்லை. இதை முதலில் முறையாக அளந்தவர்கள் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும், ஆண்டு 1933. இன்றைய சர்வதேசத் தர அளவீட்டின்படி, 1,000 ஹெர்ட்ஸ் ஒலி 40 டெசிபெல்லில் (ஒலியின் அளவைக் குறிக்கும் அலகு) எவ்வளவு சத்தமாகத் தோன்றுமோ, அதே அளவு சத்தமாக 63 ஹெர்ட்ஸ் ஒலி தோன்ற சுமார் 73 டெசிபெல் வேண்டும். 33 டெசிபெல் வித்தியாசம் என்றால் ஒலியின் செறிவு சுமார் 2,000 மடங்கு. ஆனால் மொத்தச் சத்தத்தையே கூட்டினால் இந்த இடைவெளி குறையும். 80 டெசிபெல் அளவில் அது சுமார் 20 டெசிபெல்லாகச் சுருங்கிவிடும். ஸ்டுடியோவில் பெரிய ஸ்பீக்கரில் சத்தமாக வைத்து மிக்ஸ் செய்பவருக்கு பேஸ் நிறைவாகக் கேட்கிறது. அதே பாட்டை வீட்டில் மெதுவாகக் கேட்பவருக்கு, ஒரு நோட்டும் மாறாமலே, பேஸ் மட்டும் கழன்று போகிறது.

இரண்டாவது காரணம் காதுக்கும் கருவிக்கும் நடுவே உள்ள இடைவெளி. சைக்கிள் பம்பின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு அழுத்தினால் உள்ளே அழுத்தம் ஏறும். விரலைத் தளர்த்தினால் காற்று கசிந்துவிடும். ஹெட்போனுக்குள் நடப்பதும் இதுதான். ஒரு காந்தம், அதன் நடுவே கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய மெல்லிய சவ்வு. பாட்டின் மின்னோட்டம் சுருளில் பாயும்போது சவ்வு முன்னும் பின்னும் அசைந்து, காதுக்கும் தனக்கும் நடுவே சிக்கிய காற்றை அழுத்துகிறது. 5,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஒரு தள்ளு பத்தாயிரத்தில் ஒரு நொடிதான். ஓட்டை இருந்தாலும் காற்று தப்பிக்க நேரமில்லை. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் தள்ளு அதைவிட 100 மடங்கு நீளம், நூறில் ஒரு நொடி. அதற்குள் காற்று விளிம்பு வழியாக வெளியே போய்விடுகிறது. ஐபாடின் இயர்போன் காதுமடலில் லேசாகத் தொற்றிக்கொண்டிருந்தது, சுற்றிலும் கசிவு. அப்படி ஓர் இயர்போன் கையில் இருந்தால் பாட்டு ஓடும்போது விரலால் காதோடு சேர்த்து அழுத்திப் பாருங்கள். இல்லாதது போலிருந்த பேஸ் சட்டென்று எழும். விரலை எடுத்தால் மறுபடி தகர டப்பா.

மூன்றாவதாக வெளிச்சத்தம். பஸ், ரயில், விமானம் எல்லாவற்றின் இரைச்சலும் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால், பாட்டின் பேஸைத்தான் அது முதலில் விழுங்கும்.

ட்ரேவின் கூட்டாளி ஜிம்மி அயோவின், இன்டர்ஸ்கோப் இசை நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவர். அதற்கு முன் ஜான் லெனன், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் ஆகியோரின் ஒலிப்பதிவுகளில் பொறியாளராக இருந்தவர். ஷூ விளம்பரத்தில் நடிக்க வந்த அழைப்பைப் பற்றி ட்ரே அவரிடம் யோசனை கேட்டபோது, ஷூவை விடு, ஸ்பீக்கர் விற்போம் என்றாராம் அயோவின். இருவரும் பலமுறை சொன்ன கதை இது. 2006இல் பீட்ஸ் நிறுவனம் பிறந்தது. 2008இல் முதல் ஹெட்போன் ‘ஸ்டுடியோ’ சுமார் 350 டாலருக்குக் கடைக்கு வந்தது.

மேலே சொன்ன மூன்று குறைகளுக்கும் அந்த ஹெட்போனில் பதில் இருந்தது. காதை முழுக்க மூடும் மெத்தைகள் கசிவை அடைத்தன. காதின் பாரபட்சத்தை ஈடுகட்ட பேஸ் கூட்டப்பட்டது. வெளிச்சத்தத்துக்கு, உள்ளே மைக் வைத்த இரைச்சல் நீக்கும் சுற்று. வரும் இரைச்சலின் தலைகீழ் அலையை அது உருவாக்கிக் கலக்கும். மேடும் பள்ளமும் மோதி இரண்டும் அடங்கும். நீளமான அலைகளில் நேரக் கணிப்பு கொஞ்சம் பிசகினாலும் பெரிய கெடுதல் இல்லை என்பதால், தாழ்ந்த இரைச்சலை நீக்குவதில்தான் இந்த உத்தி கைகொடுக்கும்.

ஒலி ரசிகர்கள் பலர் பீட்ஸைக் கழுவி ஊற்றினார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. பேஸை அளவுக்கு மீறி ஏற்றினால் அதற்கு மேலுள்ள ஒலிகளை, முக்கியமாகப் பாடகரின் குரலை, அது மூடிவிடும். காதின் உள்ளே நத்தைக்கூடு போன்ற சுருளில் தாழ்ந்த ஒலியின் அசைவு மேல்சுரங்களின் இடத்தையும் கடந்து செல்வதால் வரும் விளைவு இது. முதல் மாடல்கள் இந்தத் தவறைச் செய்தன என்றே நினைக்கிறேன். ஆனால், எந்த அதிர்வெண்ணையும் கூட்டாத தட்டையான ஒலிதான் நேர்மையானது என்ற வாதமும் நிற்கவில்லை. பின்னாளில் ஒலிக்கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழு, பிராண்ட் பெயரை மறைத்துப் பலரைக் கேட்கவைத்துச் சோதித்தபோது, பெரும்பாலோர் சில டெசிபெல் பேஸ் கூட்டிய ஹெட்போனையே விரும்பினார்கள். அறையில் ஸ்பீக்கர் தரும் அதிர்வை உடம்பும் வாங்கிக்கொள்கிறது. ஹெட்போனில் அது கிடையாது. அந்தக் குறையை எங்காவது ஈடுகட்டித்தான் ஆக வேண்டும். ட்ரே அதை ஆய்வகத்தில் கண்டுபிடிக்கவில்லை. கிளப்பிலும் காரிலும் பழகிய காதால் பிடித்தார்.

இனி பணக் கணக்கு. 1991இல் டெத் ரோ ரெக்கார்ட்ஸ் என்ற இசை நிறுவனத்தை ஷுக் நைட்டோடு சேர்ந்து தொடங்கிய ட்ரே, 1996இல் தன் பங்கை விட்டுவிட்டு வெளியேறினார். அவர் உருவாக்கிய ஒலிப்பதிவுகளின் உரிமை அங்கேயே தங்கியது. இன்டர்ஸ்கோப்பின் கீழ் ஆஃப்டர்மாத் என்ற புது நிறுவனம் தொடங்கி, ராப் பாடகர்களான எமினெமை 1998இலும் 50 சென்ட்டை 2002இலும் சேர்த்துக்கொண்டுதான் மீண்டும் எழுந்தார். ஹெட்போனில் அவர் விளம்பர முகமாக மட்டும் இருந்திருந்தால் ஒரு தொகை வாங்கி வீட்டுக்குப் போயிருப்பார். அவர் நிறுவனத்திலேயே பங்கு வைத்துக்கொண்டார்.

பொருளைச் செய்து கடைகளுக்கு அனுப்பும் வேலையை ஏற்றது நோயல் லீயின் மான்ஸ்டர் கேபிள் என்ற நிறுவனம். வடிவமைத்தது, ஆப்பிளில் முன்பு வடிவமைப்புத் தலைவராக இருந்த ராபர்ட் புரூனரின் அம்யூனிஷன் ஸ்டுடியோ. விளம்பரத்துக்குத் தொலைக்காட்சியை நம்பியிருக்கவில்லை. இசை வீடியோக்களில் பாடகர்கள் மாட்டிக்கொண்டு வந்தார்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸுக்கு அமெரிக்கக் கூடைப்பந்து அணியே பீட்ஸ் மாட்டிக்கொண்டு இறங்கியது. அணிக்கு அவற்றைக் கொடுத்த வீரர் லெப்ரான் ஜேம்ஸுக்கும் நிறுவனத்தில் சிறு பங்கு இருந்தது.

2011இல் தைவானின் கைபேசி நிறுவனமான எச்டிசி, பாதிக்குச் சற்று மேற்பட்ட பங்கை 30.9 கோடி டாலருக்கு வாங்கியது. அப்படியானால் நிறுவனத்தின் மதிப்பு சுமார் 60 கோடி. அடுத்த ஆண்டே அதில் பாதியைத் திருப்பி விற்ற எச்டிசி, 2013இல் மீதமிருந்த கால் பங்கை 26.5 கோடிக்கு விட்டுக்கொடுத்தது. மதிப்பு இப்போது 100 கோடியைத் தாண்டிவிட்டது. எட்டே மாதத்தில் ஆப்பிள் 300 கோடி கொடுத்தது. ட்ரேவின் பங்கு மொத்தத்தில் ஏறக்குறைய கால்வாசி என்பது பத்திரிகைகளின் மதிப்பீடு. ஒரு ஹெட்போனில் கிடைக்கும் லாபத்தைவிட, நிறுவனத்தின் மதிப்பு மூன்றே ஆண்டில் ஐந்து மடங்கானதுதான் அவரைத் தூக்கிவிட்டது.

நோயல் லீயின் கணக்கு வேறு மாதிரி முடிந்தது. கருவியைச் செய்ய உழைத்த மான்ஸ்டரின் ஒப்பந்தம் 2012 இறுதியோடு தீர்ந்தது. பெயரும் வடிவமும் தொழில்நுட்ப உரிமைகளும் பீட்ஸ் பக்கம் நின்றன. தன்னிடமிருந்த சிறு பங்கையும் லீ 2013இல், ஆப்பிள் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன், விற்றுவிட்டார். 2015இல் அவர் வழக்குப் போட்டார்; மறு ஆண்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. டெத் ரோவில் ட்ரே இழந்ததும் பீட்ஸில் லீ இழந்ததும் ஒரே இனம்: செய்த கை ஒன்று, உரிமை எழுதப்பட்ட பெயர் இன்னொன்று.

ஆப்பிளுக்கு விற்பதற்கு ஓராண்டு முன்பே, 2013இல், ட்ரேவும் அயோவினும் 7 கோடி டாலரைத் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து ஒரு கல்லூரி தொடங்கவைத்தார்கள். கலை, தொழில்நுட்பம், வணிகம் மூன்றையும் ஒரே பட்டப்படிப்பில் படிப்பது அங்கே வழக்கம். முதல் மாணவர்கள் 2014இல் சேர்ந்தார்கள்.